எந்தச் சட்டம்

காளவாசல் சிக்னலில், விடிகாலை நாலரைக்கு,
என் மூஞ்சியைப் படம் பிடித்தார் ஏட்டு.
லோடு ஆட்டோவில் முப்பது கிலோ மல்லி;
வெயில் ஏறினால் விலை இறங்கும்.
"சும்மா ஒரு செக்கிங்" என்றார்.
அவர் செல்போன் என்னை
யார் யாரோடோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு
இவன் இல்லை என்றது.
போகச் சொன்னார்.

அந்தப் படம் இப்போது எங்கே என்று
பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட்டேன்.
முப்பதாம் நாள் பதில்:
கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை.
கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சட்டமன்றக் குழு வந்தது.
கலெக்டர் ஆபீஸ் சுவருக்கு அவசரச் சுண்ணாம்பு,
சாய்ந்து நின்றவன் முதுகெல்லாம் வெள்ளை.
பதினோரு உறுப்பினர்களில்
பத்துப் பேர் முந்திரிப் பக்கோடாவைப் பரிசீலித்தார்கள்.
சவுந்தரவல்லி என்கிறவர் மட்டும்
என் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்:
"எந்தச் சட்டத்துல எடுத்தீங்க?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.
பின்னாலிருந்தும் புரட்டினார்.
எழுத்துமூலம் தருவதாகச் சொன்னார்.
"அதையும் குறிச்சுக்கங்க" என்றார் அந்த அம்மா.

இன்றைக்கு அதே சிக்னல், அதே ஏட்டு.
போனைத் தூக்கினார்.
"எந்தச் சட்டம் சார்?"
கேட்டது நான்தான். குரல் கொஞ்சம் உடைந்தது.

போனைத் தாழ்த்தி அவர் என்னைப் பார்த்தார்,
முதல் தடவையாக, வெறும் கண்ணால்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை.
மாட்டுத்தாவணியில் இந்நேரம்
விலை இறங்கிக்கொண்டிருக்கும்.
இறங்கட்டும்.