சொல்லுக்கு ஒன்றே முக்கால்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
செருப்புக்கடை மாடியில் இருந்து
மருந்துக்காரர்களின் படிவங்களைத் தமிழாக்குகிறேன்.
தமிழ்ச் சொல்லுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்.

எடுத்துக்கொள்ளவேண்டியிருந்ததால்.
ஆங்கிலத்தில் இது ஆறு சொல்.
தமிழோ ஒட்டிக்கொண்டு
ஒன்றாகிவிடுகிறது.
எடுத்துக் கொள்ள வேண்டி இருந்ததால்
என்று பிரித்து அனுப்பினேன்: ஏழு ரூபாய்.
எடிட்டர் டெல்பின் ராஜ்
சேர்த்துத் திருப்பி அனுப்பினார்.
மாதச் சம்பளக்காரர்,
அவருக்கு இலக்கணம் இலவசம்.

பொறாமை இல்லையென்றால் பொய்.
கூடப் படித்த பெனிற்றாவுக்கு
ஒன்றாம் தேதி விழுந்துவிடும்.
அவள் பிஎச்டி, நான் வெறும் பி.பார்ம்.
ராத்திரி பதினொன்றுக்கும் அவள் போன் சிணுங்கும்,
அதற்குத் தனிக்காசு கிடையாது
என்பதில் எனக்கொரு சின்ன ஆறுதல்.

ஆனி மழை. ரப்பர் வெட்டு நின்று பதினெட்டு நாள்.
வீட்டுக்கு வரவேண்டியது என் பில் மட்டும்,
அதுவும் நாற்பத்தைந்து நாள் கழித்து.

நேற்று ஓர் ஒப்புதல் படிவம்.
'மரணம் சம்பவிக்கலாம்' என்று அடித்தேன்.
கையெழுத்துப் போடப்போகிறவர்
தக்கலையில் பஸ் ஏறி வருகிறவராக இருக்கலாம்.
அழித்தேன்.
'சாகவும் கூடும்.'

இதுவும் இரண்டு சொல்தான்.
அதே மூன்றரை ரூபாய்.