பதியாத விரல்

ஏழு வருஷம் அந்தக் கப்பலைச் சுரண்டினேன்.
ஒன்றில்லை, ஒரே அச்சில் ஆறு.
சிங்கப்பூர்க் கடற்படையுடையது.
உலர்துறைக்கு முறைவைத்து வரும்.
உப்புத்தோல் உரித்து, மணலடித்து,
மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் பூசி
திருப்பி அனுப்புவோம்.

வாசலிலேயே செல்போன் கேமராவுக்கு
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.
ஆகவே படமில்லை.

கானாடுகாத்தான் டீக்கடையில்
கருத்தான் மச்சான் விடவில்லை.
"போர்க்கப்பல்ங்கிற,
ஒரு போட்டோ கூடவா இல்ல?"

சிகரெட் அட்டையை மடக்கிக் காட்டினேன்.
நேர்ச்சுவரே கிடையாது மச்சான்.
எல்லாம் உள்ளே சாய்ஞ்சது.
ராடார் வந்து தொட்டா
வானத்துக்கோ தண்ணிக்கோ வழுக்கிவிட்டுடும்.
நூறு மீட்டருக்கு மேல இரும்பு,
திரையில ஒரு மீன்பிடி வள்ளம்.

வடையைப் பிய்த்தபடி
எதிர்வீட்டைப் பார்த்தார்.
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு,
செங்குத்தாய், மூலைக்கு மூலை.
"அப்ப இது?"
ராடாருக்கு இது கார்த்திகை, என்றேன்.
சிரித்தார்.
நம்பவில்லை.

மறுநாள் பஞ்சவர்ணத்துக்குக் காய்ச்சல்.
ரேஷனுக்கு நான் போனேன்.
லூர்துமேரி மெஷினை நீட்டினார்.

வலது கட்டைவிரல்: பதிவாகவில்லை.
ஆட்காட்டி: பதிவாகவில்லை.
துடைச்சிட்டு வைங்க.
துடைத்தேன்.
தலையில தேய்ச்சு வைங்க, எண்ணெய் பிடிக்கும்.
தேய்த்தேன்.
வரிசை முனகத் தொடங்கியது.
இடக்கை சுண்டுவிரல் வரைக்கும் வந்தாயிற்று.
தின்னரா, மணலா, கிரைண்டரா,
எந்தக் கப்பலின் அடிவயிற்றில்
உதிர்ந்துபோனதோ ரேகை.

"கார்டுல அடைக்கலம்னு இருக்கு,
ஆளும் முன்னால நிக்கிறீங்க,
இதுக்குத்தான் தெரியமாட்டேங்குது."

பின்னால் மண்ணெண்ணெய் கேனோடு நின்ற மச்சான்
"அட" என்றார்.
அப்போதுதான் நம்பினார்.

லூர்துமேரி மேசைக்கடியில் குனிந்து
கருப்புப் பெட்டியொன்றை எடுத்தார்.
"கண்ணைக் காட்டுங்க. இமைக்காதீங்க."

உள்ளே சிவப்பாய் ஒரு புள்ளி எரிந்தது.
சட்டென்று ஒரு பயம்.
போனுக்குத்தானே ஒட்டினார்கள்,
இதற்கு ஒட்டவில்லையே.
சாரத்தில் தொங்கியபடி தினம் பார்த்த
அத்தனை சாய்வும், அத்தனை தட்டும்
இங்கேதானே நிற்கின்றன.

பீப்.

"இருபது கிலோ புழுங்கல்.
பையை விரிச்சுப் பிடிங்க."