இருபத்தெட்டு மில்லிமீட்டர்

நிஸ்வா மருத்துவமனைச் சரக்கறையில்
பெட்டிகளின் தேதி பார்ப்பது என் வேலை.
கையுறை, தையல் நூல், வடிகுழாய்
வந்த வேகத்தில் போய்விடும்.
போகாதது மேல்தட்டு.
பெருந்தமனிக்குள் விரியும் துணிக்குழல்கள்.
இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இருபத்தெட்டு.
ஒவ்வொன்றும் என் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல்.
எப்போதாவது ஒன்றைப் பிரிப்பார்கள்.
மற்றவை முத்திரை உடையாமலே
என் கையெழுத்தில் சாகும்.
காலாவதி என்று எழுத
எனக்கு மூன்று மொழியில் தெரியும்.

ஆதம் சாலையில் ஒட்டகம் குறுக்கே வந்த இரவு
குல் ஸமானைக் கொண்டுவந்தார்கள்.
தண்ணீர் டேங்கர் ஓட்டுபவன்.
ஸ்டீயரிங்கின் பாதி வட்டம்
நெஞ்சில் நீலமாக இருந்தது.
ஸ்கேனில், தமனி வளைந்து இறங்கும் இடத்தில்,
சுண்டைக்காய் அளவு ஒரு புடைப்பு.
உள்சுவர் கிழிந்துவிட்டது, வெளித்தோல்தான் பிடித்திருக்கிறது
என்று டாக்டர் ஹிலால் சொன்னபோது
அறையில் யாரும் இருமக்கூட இல்லையாம்.

எனக்குப் போன் வந்தது.
"இருபத்தெட்டு இருக்கா?"
"இருக்கு சார். இந்த மாசத்தோட முடியுது."
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

ஐந்தாண்டில் மூன்று பேர் எங்களுக்கு.
ஒருவர் நடந்து போனார்.
ஒருவர் சக்கர நாற்காலியில் போனார்.
மூன்றாமவர் ரெஜிமோன்.
அவருடைய செருப்பு ஒரு பையில்
என் கீழ்த்தட்டில் இருக்கிறது. கேட்டு யாரும் வரவில்லை.
மூன்றை வைத்துச் சதவீதம் போடக் கூடாது என்பாள்
பதிவேடு எழுதும் மரிவிக்.
போடாமலும் இருக்க முடியவில்லை.

"என் கை நல்ல கைதான்" என்றார் ஹிலால்.
"ஆனா அது கடைசியா இதைச் செஞ்சு
பதினாலு மாசம் ஆச்சு. மஸ்கட் போகட்டும்."
மஸ்கட்டில் வரச் சொன்னார்கள். இருபத்தெட்டு மட்டும்
நேற்றுத்தான் தீர்ந்ததாம். கொண்டு வாருங்கள்.
பெட்டிக்குக் கையெழுத்திட்டவன் நான்.
அதனால் நானும் ஏறினேன்.

நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர்.
அழுத்தம் நூறைத் தாண்டக் கூடாது.
ஷைனி சொட்டு மருந்தைத் திருகிக்கொண்டே வந்தாள்.
ஸமாயில் தாண்டியதும் குல் ஸமான் கண் திறந்தான்.
"மடியில என்ன?"
"பைப்."
"எத்தனை இன்ச்?"
"ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல."
யோசித்தான். "என் டேங்கருக்கு மூணு" என்றான்.
சிரிக்காதே என்று ஷைனி அதட்டினாள்,
அவனையா என்னையா தெரியவில்லை.

அங்கே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
யாரும் அவசரப்படவில்லை.
அடுத்த கம்பியைக் கேட்பதற்கு முன்பே
நர்ஸின் கை அதை நீட்டியிருந்தது.
வெள்ளிக்கிழமை மீன் யார் முறை என்று
இரண்டு பேர் சண்டை.
ஐந்து பேரிடம் சாவி வாங்கித் திறக்கும் என் பெட்டியை
பிஸ்கட் பொட்டலம் போலப் பிரித்தார்கள்.
ஐம்பது நிமிடம்.
இந்த ஆண்டில் இது பத்தொன்பதாவதோ இருபதாவதோ,
அவர்களுக்கே எண்ணிக்கை தவறியிருந்தது.

எனக்குத் தவறவில்லை. ரெஜிமோன் அடிபட்டது
எங்கள் வாசலுக்கு அடுத்த ரவுண்டானாவில்.
நான்கு நிமிடத்தில் மேசைக்குக் கொண்டுவந்தோம்.
நான்கே நிமிடம் என்று
அன்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னேன்!

ஒன்பதாம் நாள் குல் ஸமான் ஷைனிக்குப் படம் அனுப்பினான்.
கட்டிலருகே நிற்கிறான், முகத்தில் சவரம் இல்லை.
பெட்டியின் ஸ்டிக்கரைப் பேரேட்டில் ஒட்டினேன்.
பயன்படுத்திய இடம்: மஸ்கட்.
அடுத்த கட்டம் கேட்டது,
மறுபடியும் வாங்க வேண்டுமா?
பேனாவை மூடி வைத்துவிட்டு
ஹிலாலின் அறைக்குப் போனேன்.
கதவு திறந்திருந்தது.
அவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
இரண்டு விரலால் பெரிதாக்கி,
நெஞ்சை மட்டும்.