வந்து எண்ணுபவன்

சனிக்கிழமை நாலரை மணி.
கடலூர் முதுநகர், நகராட்சிப் பள்ளி,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
துறைமுகப் பக்கத்துக் கருவாட்டு வாசம்
எங்களுக்கு முன்பே வந்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.
நாங்கள் பதினோரு பேர்.
வாரம் ஒருவர் தலைவர்,
ஒருவர் மணி அடிப்பவர்,
ஒருவர் 'வந்து' எண்ணுபவர்.

போன வாரம் எண்ணியது நான், இதாயத்துல்லா.

விதி எளிது.
பேசுகிறவர் சும்மா ஒரு 'வந்து' போட்டால்
நோட்டில் ஒரு கோடு.
கோட்டுக்கு ஒரு ரூபாய், ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
பயிற்சி தரும் ரெஜினா அக்காவும் தப்ப முடியாது.
இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்,
சாவைப் பற்றிப் பேசியே டீ வாங்கிக் குடித்துவிடுவார்,
அவரே போன மாதம் பதினான்கு ரூபாய் கட்டினார்.
மாதக் கடைசியில் அந்தப் பாட்டில்தான் எங்களுக்கு சமோசா.

பிரியம்வதா எழுந்தாள்.
துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு
எங்களுக்கும் சுவருக்கும் நடுவே
யாரும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து,

"எங்க ஸ்டாப்புல வந்து, காலையில வந்து,
ஏழே முக்காலுக்கு டவுன் பஸ் வந்து
நிக்காது.
கை காட்டினா மெதுவா வந்து, கிட்ட வந்து,
முகத்தப் பாத்துட்டுப் போயிடும்."

முதல் இரண்டுக்கும் கோடு போட்டேன்.
மூன்றாவதில் பென்சில் நின்றுவிட்டது.
பஸ் வந்ததே, நிஜமாகவே வந்ததே!
வினையெச்சம் என்பார் தமிழ் அய்யா.
தானாக முடியாத வினை.
இன்னொரு வினை வந்து ஏற்றிக்கொள்ளும்வரை
அப்படியே நிற்கும்,
பையை மாட்டிக்கொண்டு, இவளைப் போல.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டுன்னா
நிறுத்தக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

இதில் ஒன்றுகூட இல்லை.
மூன்று நிமிடம் முடிந்து நான்காவதும் போனது.
சர்வேஸ்வரன் மணியின் நாக்கை
விரலால் பிடித்துக்கொண்டிருந்தான்.
யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.
அன்றைய தலைவர் ஷெர்லின்.
"நன்றி, அடுத்தவர்" என்று சொல்ல வேண்டியவள்,
"திங்கக்கிழமை யாரெல்லாம் வர்றீங்க?" என்றாள்.

ஆறு பேர் போனோம்.
ரெஜினா அக்கா வரவில்லை.
"நான் வந்தா நான்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டார்.
கலெக்டர் ஆபீஸ், குறைதீர்ப்பு நாள்.
பட்டாவுக்காக ஒருவர், மூன்று சக்கர வண்டிக்காக ஒருவர்,
வாசலில் மனு எழுதித் தருகிறவருக்கு ஐம்பது ரூபாய்.
எங்கள் மனு ஷெர்லின் கையெழுத்து,
ஓரத்தில் சமோசா எண்ணெய்.
உள்ளே எங்களை ஒரு மேசைக்கு அனுப்பினார்கள்.
போக்குவரத்துக் கழகத்துக்காரர்
மனுவைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து… பாரும்மா…
டிரைவருங்களுக்கு வந்து டைம் பிரச்சனை,
டெப்போவுல வந்து ஆள் கம்மி,
அதாவது வந்து, இது வந்து…"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
பார்த்தால் முடிந்தது கதை.
பேண்ட் பாக்கெட்டுக்குள் என் விரல்கள்
மடங்கி மடங்கி, இரண்டு கையும் தீர்ந்து
மறுபடி முதலிலிருந்து.
பத்தொன்பது ரூபாய்.

பிரியம்வதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
எப்படி ஒளிந்துகொள்வது என்று
அவளுக்குத் தெரியாதா?
அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.
ஒரு மூச்சு விட இடம் கொடுத்தாள்.
பிறகு, அவர் கண்ணைப் பார்த்து,
"எந்தத் தேதியிலேருந்து சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மனுவில் ஏதோ கிறுக்கினார்.
"நாளைக்கு வந்து பாக்குறோம்மா."

இன்று செவ்வாய். ஏழு நாற்பத்து மூன்று.
அவள் ஸ்டாப்பில் நானும் நிற்கிறேன், நோட்டோடு.
பத்தொன்பது கோடுகளுக்கு அப்பால்
அந்தக் கடைசி 'வந்து'வுக்கு மட்டும்
இடம் விட்டிருக்கிறேன்.
தூரத்தில் ஏதோ திரும்புகிறது.
மீன் லாரியாகவும் இருக்கலாம்.
அவள் கையைத் தூக்கிவிட்டாள்.