நாலில் ஒன்று, மூன்றுக்கு ஒன்று

ஒரு பையில் நாலு பந்து என்றார் புஸ்பகாந்தன் சேர்.
மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.
பாராமல் கைவிட்டால் வெள்ளை வரும் நிகழ்தகவு?
எல்லாரும் எழுதினோம்: நாலில் ஒன்று.

என்னிடம் பையும் இல்லை, பந்தும் இல்லை.
இருப்பது ஒரு பஸ்.
நிந்தவூரில் கிளாஸ் விட்டு மதகடியில் நின்றால்
நாலே முக்காலுக்கு வரும், பொத்துவில் போகிறது.
நிற்கும். அல்லது நிற்காது.
"அப்ப அரைக்கு அரைதானே" என்றாள் றிப்கா.
நடக்கக்கூடியது இரண்டு என்பதற்காக
இரண்டுக்கும் சமபங்கு பிரித்தால்
இல்லாத நாணயத்தைச் சுண்டுகிறோம்.

கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
இருபத்தெட்டு நாள் எழுதினேன்.
நின்றால் சரி, போனால் பிழை.
ஏழு சரி. இருபத்தொரு பிழை.
புழுதி எல்லா நாளும்.

நாலில் ஒன்று என்றால்
என் பஸ் அந்த நாலுக்குள்ளேயே குந்தியிருக்கிறது,
கூட்டத்தில் ஓர் ஆளாக.
மூன்றுக்கு ஒன்று என்றால்
அதே பஸ் வெளியே வந்து
மூன்று பேருக்கு எதிரே தனியாக நிற்கிறது.
ஏழும் இருபத்தொன்றும் அப்படியேதான்.
மாறியது வேற்றுமை உருபு.
'இல்' போட்டால் நிகழ்தகவு,
'கு' போட்டால் சாதக விகிதம்.
இதைத் தமிழ் ரீச்சரிடம் சொல்வதா
சேரிடம் சொல்வதா தெரியவில்லை.

எட்டு நாள் தொடர்ந்து பிழை விழுந்தபோது
"இண்டைக்குக் கட்டாயம் நிக்கும் புள்ள" என்றாள் றிப்கா,
பஸ் எங்களுக்குக் கடன்பட்டது போல.
நாணயத்துக்கு ஞாபகம் இல்லை, அது பாடத்தில் உண்டு.
கொண்டக்டருக்கும் இல்லை, அது ஒன்பதாவது பிழை.

மறுகாதான் கவனித்தேன்.
சும்மா கொப்பி ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்தேன்
கூரையில் ஏறி வந்ததையெல்லாம்:
வாழைக்குலை, சைக்கிள், பன்பாய்க் கட்டு,
கயிறு போட்ட நீல ஐஸ் பெட்டி.
பெட்டிக்காரர் இறங்குவது எங்கள் மதகடியில்.

பெட்டி வந்த நாள் ஆறு. அதில் ஐந்து சரி.
(மற்ற நாள் அவர் நித்திரை.
அக்கரைப்பற்றில் விழித்திருப்பார், ஐஸ் பாதி தண்ணீராக.)
பெட்டி வராத நாள் இருபத்திரண்டு,
அதில் இரண்டே இரண்டு சரி.

பெட்டியைக் கண்டால் ஒன்றுக்கு ஐந்து.
காணாவிட்டால் பத்துக்கு ஒன்று.
அப்போ அந்த நாலில் ஒன்று பொய்யா?
பொய்யில்லை.
கூரையைப் பாராமல் சொன்ன உண்மை.
இது நிபந்தனை நிகழ்தகவு, அடுத்த மாதம்தான் படிப்பிப்பேன்
என்றார் சேர், கொஞ்சம் கோபமாக.

இன்று வளைவில் பஸ் தெரிந்தது.
வெறும் கூரை.
பத்துக்கு ஒன்று என்று கத்திக்கொண்டு
பள்ளிவாசல் சந்திக்கு ஓடினேன்.
முந்நூறு எட்டு. அங்கே எப்படியும் ஆள் ஏற்றும்.
றிப்கா ஓடவில்லை. அவளுக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது.

நூற்றைம்பதாவது எட்டில்
பின்னால் பிரேக் சத்தம்.

சந்தியில் மூச்சு வாங்க ஏறினேன்.
யன்னலோரம் எனக்கு இடம் பிடித்து
றிப்கா, முகமெல்லாம் பல்.
"ஏன் நிண்டது?"
"தெரியாது. கையக் காட்டினன், நிண்டது."

ஓடியது பிழையில்லை என்று அவளுக்கு விளக்கத் தொடங்கி
திருக்கோவில் போனாலும் முடியாது என்று விட்டுவிட்டேன்.
கொப்பியை எடுத்தேன்.
பெட்டியில்லாத நாள் இருபத்து மூன்று.
இருபதுக்கு மூன்று.
பஸ் குழியில் விழுந்து எழும்பியதில்
மூன்றின் வால் நீண்டு
பக்கத்து வரியிலிருந்த ஒரு பிழையைத் தொட்டது.