ஐம்பத்தெட்டு கிலோ

க்ல்தானி அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஏற
முன்பு பெட்டியில் காசு போடவேண்டும்.
இப்போது அட்டையைக் காட்டினால் போதும்.
அட்டையைப் படிக்கும் நிரல் எங்களுடையது.
பத்து வருடப் பழசு. குறிப்புகள் ஆங்கிலத்தில்.

"பயணி உள்ளே வந்ததும் அவன் பொத்தானை அழுத்துவான்.
அவன் அட்டையில் பணம் இல்லையென்றால்
அவனைக் கீழேயே நிறுத்து."

நானூற்றுப் பன்னிரண்டு அவன்கள்.
மழை பெய்த ஒரு திங்கட்கிழமை எண்ணினேன்.
அறம் என்று நினைத்துவிட வேண்டாம்;
ஜெர்மானியர்கள் நிரலை விலை பேச வருகிறார்கள்,
துடைத்து வை என்றது மேலிடம்.

எங்கள் ஜார்ஜிய மொழியில் இந்தத் தொல்லையே இல்லை.
ஆணுக்கும் பெண்ணுக்கும் பூனைக்கும்
பழுதான லிஃப்டுக்கும் ஒரே சொல்: இஸ்.
மனிதரை இரண்டாகப் பிரித்துச் சொல்ல
டியூஷனுக்குக் காசு கட்டிப் படித்தவர்கள் நாங்கள்.

சோம்பலில் மொத்தமாகத் தேடி மாற்றினேன்.
அந்த 'ஹீ' இரண்டே எழுத்து,
எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது தெரியுமா?
'ஷீ'யின் வாலில். 'தி'யின் வாலில்.
'ஷெட்யூல்' வயிற்றுக்குள்.
நேர அட்டவணை செத்தது.
சோதனை லிஃப்ட் ஆறாவது மாடியில்
வாயை மூடிக்கொண்டு நின்றது,
உள்ளே ஒருவர், கையில்
ஆறிக்கொண்டிருக்கும் சீஸ் ரொட்டி.
ஒலிபெருக்கியில் வந்த வசவு
ஆண்பாலா பெண்பாலா என்று
கேட்கத் தோன்றவில்லை.

பிறகு கையால், ஒவ்வொன்றாக.
இருநூற்று ஏழாவதில் நின்றேன்:
"அவன் எடை ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொள்."
எழுபத்தைந்துதானே வழக்கம்?
எழுதியவர் பெயர் பார்த்தேன். நெ. கிபியானி.
நெஸ்டான். இப்போது பத்தூமித் துறைமுகத்தில் வேலை.

அழைத்தேன். எதையோ மென்றுகொண்டே பதில்:
"எடைக்கற்கள் வாங்க அப்போது பணமில்லை.
நானேதான் ஏறி இறங்கினேன் ஒரு மாதம்,
கோட்டு கணக்கில் வரக்கூடாதென்று
ஜனவரியில் அதையும் கழற்றி வைத்துவிட்டு."

அப்புறம் ஏன் அவன்?

"பாடப்புத்தகத்தில் பயணி அவன்தான்.
நான் பயணி இல்லையே,
எடைக்கல்."

எதிர்முனையில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.
அவனை எடுத்துவிட்டேன் என்றேன்,
ஐம்பத்தெட்டை மட்டும் விட்டுவைக்கிறேன்,
உங்கள் நினைவாக.

"வேண்டாம். அறுபத்தாறு போடு.
குறிப்பில் பொய் எழுதாதே."