இரைச்சல்

காலை நாலே முக்கால். கொட்பே மீன்பிடித் துறைமுகம்.
ஒலிப்பதிவுக் கருவியை ஒரு ஐஸ் பெட்டியின் மேல் வைப்பேன்.
எட்டு நாளில் அதற்கும் மீன் வாடை பிடித்துவிட்டது.

ஏலம் கூறுகிற சவிரியானிடம்
படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன்: உங்கள் தாய்மொழி?
"எத்தனை மணிக்கு, பிள்ளை?" என்றார்.

விலை தமிழில் ஏறும்,
ஆயிரம் தாண்டினால் சிங்களத்தில் ஓடும்.
சூரை ஒருவர் வாயில் பலயாவாகி
இன்னொருவர் வாயில் மறுபடி சூரையாகி
பெலியகொடை லொறியில் ஏறும்.
தம்பி, மல்லி, நானா, மச்சான்:
ஒரே ஆளை நாலு விதமாய்க் கூப்பிட்டதை
நாலு நிறத்தில் குறித்து அனுப்பினேன்.
பேராசிரியருக்குச் சந்தோஷம்.
மொழிகளுக்கு நடுவே வேலி இல்லை என்று எழுதச் சொன்னார்.

துறைமுகத்தில் வேலி இருக்கிறது.
அடையாள அட்டையை நீட்டித்தான் தினமும் உள்ளே போகிறேன்.
அந்த வாசலில் மட்டும்
என் சிங்களம் இலக்கணப் பிழையில்லாமல் வருகிறது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு
ஏலத்தில் பாதி "அறியாத மொழி".
மீதியில் "கதைக்கிறம்" என்றதை
"கலைக்கிறோம்" என்று திருத்தி வைத்திருந்தது.
இருமல்களை எல்லாம் இரைச்சல் என்று வெட்டியது.

பதினோராம் நாள்தான் எனக்கு உறைத்தது,
ரிஸ்மியா இருமினால் விலை நிற்கிறது.
கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரே பெண் வியாபாரி.
ஒரு இருமல்: எனக்கு.
இரண்டு: விடு, மச்சினன் எடுக்கட்டும்.
தொண்டையை மட்டும் செருமினால்
இந்தக் கூடையில் நேற்றைய மீன் கலந்திருக்கு.

எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டினேன்.
தூஷணம் வந்தது, கிடக்கட்டும் என்றா.
கடன் கணக்கு வந்தது, அதுவும் கிடக்கட்டும்.
இருமலுக்கு வந்ததும் பிளேன்டீயைக் கீழே வைத்தா.
"அத மட்டும் எழுதப்படாது தங்கச்சி.
அது பேச்சில்ல. சோறு."

கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில்
குரல் பற்றி இருந்தது, பெயர் பற்றி இருந்தது,
சோறு பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆய்வேட்டில் முப்பத்தேழு இடங்களில்
இரைச்சல் என்றே போட்டிருக்கிறேன்.
மென்பொருள் தெரியாமல் சொன்னதை
நான் தெரிந்து சொன்னேன்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு திரும்பி வந்தது.
பதில் எழுதவில்லை.

இங்கே சொன்னேனே என்கிறீர்களா?
அவவின் பெயர் ரிஸ்மியா இல்லை.
அது
இருமலும் இல்லை.